கோபுரத்துச் செங்கல்: பபேடானும் பகானும்

சென்ற மாத உரையில் ரங்கூன் நகரத்தைப் பற்றிப் பேசியபோது, பபேடான் காளி கோயிலின் கோபுரத்தைப் பற்றி இரண்டு வசனம் மட்டும் சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிட்டேன். நேரம் போதவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் கலையகத்துக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு வசனத்தைப் பற்றியவைதான். ஒரு நேயர் கேட்டார்: "கோபுரத்தில நிக்கிற உருவங்கள் கல்லோ, மண்ணோ, சீமெந்தோ?" இன்னொரு அம்மா கேட்டது வேறு: "எங்கட ஐயா 42ஆம் ஆண்டு ரங்கூனை விட்டு நடந்து வந்தவர். அந்தக் கோபுரம் இப்பவும் அப்படியே இருக்குதோ தம்பி?"

இரண்டாவது கேள்விக்கான பதில் முதலாவது கேள்விக்குள் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் இடம். பபேடான் என்பது இன்றைய யங்கோன் நகர மையத்திலுள்ள ஒரு சிறிய நகரப் பிரிவு. வடக்கே பழைய ஸ்கொட் சந்தை, இன்றைய போஜோக் ஆங் சான் சந்தை. கிழக்கே சூலே பகோடாவின் பக்கம். குறுக்கே ஓடுகிறது அனோரத்தா வீதி. எம்மவர்களின் பழைய கடிதங்களில் அது பிரேசர் தெரு. 'டான்' என்றால் பர்மிய மொழியில் வரிசை, தெரு. 'பபே' என்பது 'பன்பெ', அதாவது கொல்லர் தொழில். ஆக, பபேடான் என்றால் கொல்லர் தெரு.

இந்தப் பெயரில் ஒரு சுவையான செய்தி உண்டு. பர்மியர் தமது பாரம்பரியக் கைவினைகளைப் 'பன் செ ம்யோ' என்று தொகுத்துச் சொல்வார்கள். பத்து வகைப் பூக்கள் என்று பொருள். இரும்பு வேலை, மரச் சிற்பம், பொன் வெள்ளி வேலை, வெண்கல வார்ப்பு, கல் சிற்பம், கடைசல், ஓவியம், அரக்கு வேலை, செங்கல் கட்டு, சாந்து உருவம் என்று பத்து. கடைசியாகச் சொன்னதன் பெயர் 'பன்தொ'. செங்கல் சுவரின் மேல் சுண்ணச் சாந்தைக் கொண்டு பூவும் கொடியும் உருவமும் புடைத்தெழச் செய்யும் கலை. கொல்லரின் பூவைப் பெயராகக் கொண்ட தெருவுக்குள் எம்மவர் வந்து கட்டியதோ, பத்தில் இந்தக் கடைசிப் பூவோடு சேரும் ஒன்று. தமிழில் அதைச் சுதைச் சிற்பம் என்கிறோம்.

1852இல் நடந்த இரண்டாவது ஆங்கிலோ-பர்மியப் போரில் ரங்கூனைக் கைப்பற்றிய பிரித்தானியர், மொன்ட்கொமரி, பிரேசர் என்ற இரண்டு அதிகாரிகளின் திட்டப்படி அதைச் சதுரங்கப் பலகை போல வெட்டிப் புதிதாக அமைத்தார்கள். சதுப்பு நிலத்தை நிரப்பி வீதி போடவும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கவும், அரிசி ஆலைகளில் வேலை செய்யவும், வட்டிக்குப் பணம் கொடுக்கவும் கடல் கடந்து ஆட்கள் வந்தார்கள். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ரங்கூனில் வாழ்ந்த ஏறத்தாழ 4 இலட்சம் பேரில் 2 இலட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர். பாதிக்கு மேல்! தமிழர் அதில் ஒரு பங்கு; தெலுங்கர், வங்காளிகள், ஒரியர், குஜராத்தியர் எல்லோரும் இருந்தார்கள். பபேடானின் மொகல் தெரு, இன்றைய ஷ்வே பொந்தா வீதி, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கணக்கு வழக்குகளுக்குப் பேர் பெற்றது. கணக்குத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் அந்தப் பேரேடுகளைப் பற்றி ஒரு முழு உரையே ஆற்ற எனக்கு ஆசை. இன்று அது வேண்டாம்.

கொன்ஸேடான் தெருவில் உள்ள ஸ்ரீ காளி கோயில் 1871இல் தமிழர்களால் கட்டப்பட்டது. பர்மாவின் ஒரு பகுதி மட்டுமே அப்போது பிரித்தானிய இந்தியாவோடு சேர்க்கப்பட்டிருந்தது. மண்டலேயில் இன்னும் மன்னர் இருந்தார். இதே பபேடானுக்குள் சோழியா பள்ளிவாசல் உண்டு. சோழியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். இருபத்தாறாம் தெருவில் 1890களில் கட்டிய யூதர்களின் ஆலயமும் உண்டு. எல்லாம் நடந்துபோகும் தூரம்தான்.

ரங்கூனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் படம் எடுப்பது பிரித்தானியரின் செங்கல் கட்டடங்களை. தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் சிவப்புச் செங்கல். பிரித்தானியர் செங்கல்லை வெளியே காட்டினார்கள். எம்மவர் கோபுரத்திலும் செங்கல்தான். ஆனால் அதைச் சாந்தால் மூடி, உருவமாக்கி, வண்ணம் பூசினார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது செங்கல் கட்டடமாகவே தெரிவதில்லை. ரங்கூனின் செங்கல் பாரம்பரியம் பற்றி எழுதுவோர் எம் கோபுரங்களைத் தாண்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி முதலாவது கேள்வி. தென்னாட்டுக் கோபுரங்களில் பொதுவாக அடித்தளம் கருங்கல். மேலே எழும் நிலைகள் செங்கல். கல்லிலேயே உச்சி வரை போனால் பாரம் தாங்காது, செலவும் தாங்காது. கோபுரத்து உருவம் எங்கோ செய்து கொண்டுவந்து ஒட்டப்படுவது அல்ல. சுவர் எழும்போதே, உருவம் வரவேண்டிய இடத்தில் சில செங்கற்களைச் சுவருக்கு வெளியே நீட்டி வைப்பார்கள். அந்தச் செங்கல்லின் ஒரு முனை சுவருக்குள் பிடித்திருக்கும்; மறு முனைதான் தெய்வத்தின் தோளோ முழங்காலோ. பிறகு கொல்லறாலும் கொத்துளியாலும் செங்கல்லைச் செதுக்கிச் சீவி, தலை, மார்பு, இடை என்று பருமனான உருவத்தைக் கொண்டுவருவார்கள். மெல்லிய இடங்களுக்கு உடைந்த ஓடு. இந்தக் கட்டத்தில் பார்த்தால் முகமில்லாத செங்கல் மனிதன் ஒருவன் சுவரிலிருந்து வெளியே வர எத்தனிப்பது போல இருக்கும்.

அதற்கு மேல் சாந்து. சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவிட்டு, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டி அல்லது வெல்லக் கரைசலும் விட்டுப் பதமாக்குவார்கள். முதற் பூச்சு பரும்படியாக, அதன்மேல் மெல்லிய பூச்சு, கடைசியில் வெண்ணெய் போன்ற நைசான சாந்து. கண், உதடு, நகை எல்லாம் அந்தக் கடைசிச் சாந்தில்தான். சாந்து ஈரமாக இருக்கும் நேரத்துக்குள் வேலை முடியவேண்டும். கல்லில் பிழைத்தால் கல் போயிற்று. சாந்தில் பிழைத்தால் வழித்தெடுத்துவிட்டு மறுபடி செய்யலாம். கல் தச்சரும் சுதைக்காரரும் இரண்டு வேறு மனப்பாங்கு உள்ளவர்கள் என்று ஒரு ஸ்தபதி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றவில்லை.

பின்னாளில் சீமெந்தும் இரும்புக் கம்பியும் வந்தன. கை நீட்டிய உருவம், பறக்கும் உருவம் எல்லாம் சுலபமாயிற்று. ஆனால் ஈரம் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் மேலுள்ள பூச்சு வெடித்துத் துண்டாக விழும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும், சீமெந்து அப்படி இலகுவில் விடாது. யங்கோனில் வருடத்துக்கு 2,700 மில்லிமீற்றர் அளவில் மழை. அதில் பெரும்பகுதி வைகாசி முதல் ஐப்பசி வரைக்குள் கொட்டித் தீர்க்கும். யாழ்ப்பாணத்து மழையைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மழையில் ஒரு சுதை உருவம் நிற்பதே பெரிய காரியம்.

அதனால்தான் சுதை வேலையோடு ஒரு கால அட்டவணையும் கூடவே பிறந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பாலஸ்தாபனம், திருப்பணி, கும்பாபிஷேகம். ஆகமம் அதற்குச் சொல்லும் காரணம் வேறு. என் கணக்காளப் புத்திக்கு அது பெறுமானத் தேய்வாகவும் தெரிகிறது. கல்லில் முதலிட்டால் செலவு ஒருமுறை. சுதையில் முதலிட்டால் ஒவ்வொரு பன்னிரண்டு வருடமும் சபை கூட்டி, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கவேண்டும். வேறு விதமாகச் சொன்னால், கல் கோபுரத்துக்கு ஒரு அரசன் போதும். செங்கல் கோபுரத்துக்குச் சனம் வேண்டும்.

எம் முன்னோருக்கு இது புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் மண்டகப்பட்டுக் குகைக் கோயிலை வெட்டிய மகேந்திரவர்ம பல்லவன், செங்கல்லும் மரமும் உலோகமும் சாந்தும் இல்லாமல் இதை அமைத்தேன் என்று கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அப்படியென்றால் அதுவரை கோயில் என்றாலே செங்கல்லும் மரமும் சாந்தும்தானே! அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. 2004 ஆழிப்பேரலை கரையை அரித்த பின்னர், மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் தொல்லியலாளர் மண்ணுக்குள்ளிருந்து ஒரு முருகன் கோயிலின் செங்கல் அடித்தளத்தை வெளிக்கொண்டு வந்தார்கள். அதன் மேல் என்ன உருவங்கள் நின்றனவோ, மண் திருப்பித் தரவில்லை.

பர்மாவிலேயே இன்னொரு கோயில் இருக்கிறது. பபேடான் கோயிலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதையும் பார்க்கவேண்டும். யங்கோனிலிருந்து வடக்கே பேருந்தில் ஒரு பகலோ இரவோ போனால் பகான் வரும். 11ஆம் நூற்றாண்டு முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பர்மிய அரசர்களின் தலைநகர். கண்ணுக்கெட்டிய வரை செங்கல் கோயில்கள். 2019இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பகான் மேசன்மார் செங்கல் அடுக்குவதில் சூரர்கள். நரத்து என்ற அரசன் தம்மயான்ஜி கோயிலைக் கட்டும்போது, இரண்டு செங்கல்லுக்கு இடையில் ஊசி நுழைந்தால் மேசனுக்குத் தண்டனை என்று ஆணையிட்டானாம். கதைதான்; ஆனால் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்கள் கதையை நம்பிவிடுவார்கள்.

அந்தப் புத்த நகரத்தின் பழைய மதிலுக்குள் ஒரேயொரு விஷ்ணு கோயில் நிற்கிறது. பெயர் நட்லாவுங் சாவுங். நட் என்றால் பர்மியருக்குத் தேவதை, ஆவி. நட்டுகளை அடைத்து வைத்த இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வெளிச் சுவர் மாடங்களில் பத்து அவதாரங்களின் கல் சிற்பங்கள் இருந்தன, ஏழு எஞ்சியுள்ளன. உள்ளே நடுவில் ஒரு பெரிய சதுரத் தூண். அதன் பக்கங்களில் நின்ற கோலத்தில் விஷ்ணு, செங்கல்லில் புடைப்பாக.

2014ஆம் ஆண்டு தை மாதம் நான் அங்கே போனேன். உருவத்தை மூடியிருந்த சாந்து பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டது. சில இடங்களில் பிற்காலத்தில் செப்பனிட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் செங்கல் உடம்பு அப்படியே தெரிகிறது. எந்தச் செங்கல் சுவருக்குள் பிடித்திருக்கிறது, எதைச் சீவித் தோளாக்கினார்கள், எங்கே இடை ஒடுங்கத் தொடங்குகிறது என்று ஒவ்வொரு வரிசையாக எண்ணலாம். சுதைச் சிற்பம் படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நான் காணவில்லை. ஆனால் அந்தப் பாடம் எமக்குக் கிடைப்பது அங்கே பூசை இல்லாததால், பூசுவதற்கு ஆள் இல்லாததால்.

ஆட்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. பகானை அடுத்த மின்பகானில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், வடமொழியில் முகுந்தமாலைச் சுலோகம் ஒன்றும் அதைத் தொடர்ந்து தமிழ் உரைநடையும் உள்ளன. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்னும் அரிவத்தனபுரத்தில் உள்ள நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்குத் திருமண்டபம் எடுத்து, கதவும் விளக்கும் கொடுத்த செய்தி அது. புக்கம்தான் பகான். மகோதயர்பட்டினம் இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர். நானாதேசி என்பது கடல் கடந்து வியாபாரம் செய்த வணிகக் குழு. இலங்கையிலும் சுமாத்திராவிலும் இத்தகைய குழுக்களின் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. அந்த விண்ணகரமே இன்றைய நட்லாவுங் என்று கருதும் ஆய்வாளரும் உண்டு, வேறு கோயில் என்போரும் உண்டு.

எம்மவரில் சிலர் இந்தக் கல்வெட்டைக் காட்டி, பர்மாவே எங்களுடையது என்று மேடையில் முழங்குவதை நான் கேட்டிருக்கிறேன். இராசேந்திர சோழன் வென்ற கடாரம் பர்மாவின் பெகு என்றுகூட ஒரு காலத்தில் எழுதினார்கள். அது மலேசியாவின் கெடா என்பதே இன்று ஏற்கப்பட்டது. கல்வெட்டில் வெற்றியும் இல்லை, படையும் இல்லை. ஒரு வியாபாரி, பிறர் நாட்டில், பல மொழிக்காரர் கூடிக் கும்பிட்ட ஒரு கோயிலுக்குக் கதவும் விளக்கும் கொடுத்திருக்கிறார். உபயகாரர் அவர். எம்மைப் போன்றவர்களுக்கு அரசனைவிட அவர்தான் கிட்டிய உறவு.

எங்கள் நாட்டிலும் இதே கதை. பொலன்னறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் கருங்கல். நூற்றாண்டுக் கணக்கில் காட்டுக்குள் கவனிப்பாரற்றுக் கிடந்தும் உருக்குலையாமல் நிற்கிறது. அதே ஊரில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய இலங்காதிலக, திவங்க என்னும் புத்த மனைகள் செங்கல். வெளிச் சுவரெங்கும் சுதைப் புடைப்பு. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை உருவத்துக்குத் தலை இருக்கிறது, எத்தனைக்கு முழங்கால் மட்டும் இருக்கிறது என்று.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

1941 டிசம்பர் 23ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டுப் புறப்பட்டார்கள். கப்பல் கிடைத்தவர்கள் சிலர். மிகுதிப் பேர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். போருக்குப் பின் திரும்பி வந்தவர்கள் உண்டு. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சேமிப்பு ஒரே நாளில் காகிதமாயிற்று. ஏறத்தாழ 3 இலட்சம் இந்திய வம்சாவழியினர் வெளியேறினார்கள். அதே 1964இன் ஒக்டோபரில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் கையெழுத்தாகியது. கொழும்பில் ஒரு கணக்கு, ரங்கூனில் ஒரு கணக்கு. இரண்டிலும் எழுதப்பட்ட எண்கள் எம் சனம்.

ஆனால் எல்லோரும் போகவில்லை. பபேடானில் ஒரு பகுதியினர் தங்கினார்கள். கையில் பணமில்லாத காலம், சுண்ணாம்பும் வண்ணமும் தட்டுப்பாடான காலம், தென்னாட்டிலிருந்து ஸ்தபதியை அழைப்பது நினைக்கவே முடியாத காலம் எல்லாம் அவர்களுக்கு வந்து போயின. இருந்தும் கோயிலை விடவில்லை. நான் போன அன்று, கொன்ஸேடான் தெருவில் பூ விற்ற வயதான அம்மா ஒருவர் பர்மியத் தனகா பூசிய கன்னத்தோடு என்னைப் பார்த்து, "எந்த ஊரு தம்பி?" என்றார். சொன்னேன். "அங்கேயும் கோபுரம் இருக்கா?" என்று அடுத்த கேள்வி. அவருக்குப் பின்னால் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கோபுரம் பளபளத்தது.

ஆகவே அம்மா, உங்கள் ஐயா பார்த்த உருவங்கள் அப்படியே இல்லை. 1871இல் வைத்த சாந்து இன்று தெரிவதாக நினைக்க இடமில்லை. இத்தனை மழைக்காலம் பார்த்த சுதை, பூச்சுக்கு மேல் பூச்சாக, இடையிடையே புது உருவமாக, மாறி மாறித்தான் வந்திருக்கும். உங்கள் ஐயா கும்பிட்ட முகம், புதிய முகத்துக்கு அடியில் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். பகானில் பழைய செங்கல்லை அப்படியே பார்க்கிறோம். பபேடானில் பார்க்க முடியவில்லை.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கோயில்களில் உபயகாரரின் பெயரைச் சலவைக் கல்லில் வெட்டி வைக்கிறோம், எத்தனை ரூபா என்பதுகூட வரும். செங்கல்லைச் சீவியவன், சாந்து அரைத்தவன், கண் திறந்தவன் பெயர் எங்கும் இல்லை. ஒவ்வொரு திருப்பணியும் முன்னைய திருப்பணியை மூடிவிடுகிறது. வேலை செய்தவனின் கைவண்ணமும் அதோடு மூடுப்படுகிறது. இது எம் குறை மட்டுமல்ல. நெதர்லாந்தில் ரொட்டர்டாம் நகரம் 1940 மே மாதம் ஜேர்மன் குண்டுவீச்சில் அழிந்தது. மறுபடி கட்டியபோது, 1955இல் ஒரு கட்டடத்தின் சுவரில் ஏறத்தாழ 16,000 செங்கற்களால் ஒரு மாபெரும் புடைப்புச் சிற்பம் எழுந்தது. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூரின் படைப்பு என்று உலகமே சொல்லும். அவர் தந்தது சிறிய மாதிரி. செங்கல்லை வெட்டி அடுக்கிய டச்சு மேசன்மாரின் பெயரைச் சொல்வார் குறைவு. பின்னர் அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிது கட்ட நேர்ந்தபோது, சுவரை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

நாங்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் கட்டும் கோயில்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து விசா எடுத்து ஸ்தபதிகள் வருகிறார்கள். மாதக் கணக்கில் குளிரில் சாரத்தில் நின்று வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். வரவு செலவு அறிக்கையில் அவர்கள் 'கூலி' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறார்கள். நான் கணக்குப் பார்க்கும் சபைகளில், ஐந்தொகையோடு ஒரு தாளை இணைக்கச் சொல்லி வருகிறேன்: வேலை செய்தவர்களின் பெயர், ஊர், எந்தெந்த உருவம் யார் செய்தது, பூசுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். ஒரு சபை ஒப்புக்கொண்டது. மற்றது யோசிக்கிறது.

பபேடானுக்கும் அதையே செய்யப் பார்க்கிறோம். 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பின்னர் அங்கே போய்வருவது முன்போல இலகுவல்ல. ஆனால் இங்கேயே எம் நேயர்கள் சிலரின் வீட்டில் ரங்கூன் படங்கள் உண்டு. கலியாணப் படம், சூலத்தோடு எடுத்த நேர்த்திப் படம், தீமிதி முடிந்து எல்லோரும் நிற்கிற படம். நீங்கள் பார்ப்பது நடுவில் நிற்கும் தாத்தாவை. எனக்கு வேண்டியது அவருக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் கோபுரம். 1942க்கு முந்தியது, 1964க்கு முந்தியது, பிந்தியது எதுவானாலும் கொண்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை கலையகத்தில் இருப்பேன். அங்கேயே பிரதி எடுத்து, படத்தை உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதை அழிக்கவேண்டாம்.